மூன்றாம் கம்பெனி பின்னால் இருக்கட்டும்

பிப்ரவரி 12

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பால்கனிப் பெட்டியிலிருந்து பூட்ஸை எடுத்தேன். இடது பூட்ஸின் அடிப்பாகம் கையோடு வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த ரப்பர், காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்கிறது. என் கணவர் சொக்மூன் பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"கேப்டன் பூட்ஸ் கேப்டனாவே செத்துப்போச்சு. அடுத்தது மேஜர் பூட்ஸ்தான் வாங்கணும்."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. மூன்று தடவை மேஜர் தேர்வுக் குழுவுக்குப் பெயர் போய் மூன்று தடவையும் திரும்பி வந்து, கேப்டனாகவே ராணுவத்தை விட்டு வெளியேறியவர் அவர். இப்போது அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய்ப் புகார்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல்லை இந்த வீட்டில் அவர் இத்தனை வருஷமாகச் சொன்னதில்லை. இன்று தானாகச் சொல்கிறார், நுரை வாயோடு. நல்லதா, கெட்டதா?

அறிவிப்பு வந்து ஒரு வாரமாகிறது. எங்கள் பட்டாலியனில் செயல்பாட்டு அதிகாரி என்று ஒரு புதிய பதவி, என்னைப் போல சேவையை விட்டு வந்து ரிசர்வில் இருப்பவர்களுக்கென்றே. இப்போது நான் இரண்டாம் கம்பெனியின் துணைத் தலைவர். வருஷத்தில் பதினைந்து நாள் போனால் போதும். புதியதில் மாதத்தில் பாதி அங்கேதான் இருக்க வேண்டும். பள்ளிச் சமையலறை வேலையை விட வேண்டியிருக்கும். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு மேஜர் கிடைக்கும். நாற்காலி இல்லாமல் பதவி உயர்வு இல்லை. ரிசர்வில் அவ்வளவுதான் கணக்கு.

எனக்கு வேண்டியது வேலையா, தோளில் வரும் அந்த மேஜர் சின்னத்தின் ஒற்றைப் பூவா? பிள்ளையை வளர்ப்பதற்காக வெளியே வந்தபோது எனக்கு முப்பத்து நான்கு. அப்போது யாரும் என்னை மேஜர் தேர்வுக் குழு வரைக்கும்கூட அனுப்பவில்லை. நானாகவே கிளம்பிவிட்டேனே.

பிப்ரவரி 13

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 21

மகன் யுன்ஜேவின் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. நவம்பரில்தான் கட்டாய ராணுவ சேவை முடித்து வந்தான். அதற்குள் ரிசர்வில் எந்த இடம் என்று சொல்லிவிட்டார்கள். போர் வந்தால் அவன் போய்ச் சேர வேண்டியது என் பட்டாலியனில். மூன்றாம் கம்பெனி. வீடு எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். இதே ஊரில் இருந்தால் இப்படித்தான் வரும். எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

இரவுச் சாப்பாட்டில் மூன்று பேரும் சிரித்து முடியவில்லை.

"அம்மா, பயிற்சிக்கு வந்தா எல்லார் முன்னாடியும் 'யுன்ஜே, சாப்டியா'ன்னு கேட்டு மானத்த வாங்கிடாத."

"பின்ன எப்படிக் கூப்பிடணும்?"

"'சீனியர்'னு கூப்பிடு. ரிசர்வ் ஆளுங்களுக்கு அதான மரியாதை. முகாம்ல இருக்கற சின்னப் பசங்க எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்."

"சீனியர், முள்ளங்கி கிம்சிய இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றார் சொக்மூன்.

மார்ச் 8

தேர்வு நடந்தது. புதிய பதவிக்கான நேர்காணல்.

அறைக்குப் போகும் வழி மூன்றாம் கம்பெனியின் படுக்கைக் கூடம் வழியாக. எங்கள் பட்டாலியனில் எப்போதும் இருப்பது முப்பது சிப்பாய்கள். படுக்கைகள் நானூற்றுச் சொச்சம். ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் பெயர். அந்தப் பெயர்க்காரர்கள் ஊரில் கோழி வறுத்துக்கொண்டும் பஸ் ஓட்டிக்கொண்டும் இருப்பார்கள். ஜன்னல் ஓரத்தில் யுன்ஜேவின் பெயர் இருந்தது. அச்சு மை இன்னும் பளபளப்பாக. போர்வை மடித்திருந்த மூலை சரியாக இல்லை, இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பட்டாலியன் தலைவர் கர்னல் பான். அதிகாரிப் பயிற்சியில் எனக்கு ஒரு வருஷம் பின்னால் வந்தவர். இன்னும் என்னைச் சீனியர் என்றுதான் கூப்பிடுகிறார். ஓரத்தில் இருந்தவர் கேட்டார்: "திடீர்னு கூப்பிட்டா வீட்ட யார் பாத்துக்குவாங்க?" எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த ஆண்கள் இருவரிடமும் இதைக் கேட்கவில்லை. விசாரித்தேன். "கணவர் பாத்துப்பார் சார். என்னைவிட அவர் நல்லா சமைப்பார்" என்றேன். முதல் பாதி உண்மை.

பிறகு வரைபடம். ஆற்றுப் பாலம், அதற்கு மேல் ஒரு குன்று. எதிரி வடக்கிலிருந்து. மூன்று கம்பெனி உண்டு. இரண்டு மேலே ஏறிப் பிடிக்க வேண்டும், ஒன்று பின்னால் தயாராக நிற்க வேண்டும். யாரை எங்கே போடுவீர்கள், ஏன்? கற்பனைக் கம்பெனிகள் இல்லை, எங்கள் பட்டாலியனேதான்.

எல்லோரும் மூன்றாம் கம்பெனியைத்தான் மேலே ஏற்றுவார்கள். அதில் இருப்பவர்கள் போன வருஷம் சேவை முடித்த பையன்கள், மூச்சு வாங்காமல் ஏறுவார்கள். நான் முதலாவதையும் இரண்டாவதையும் ஏற்றினேன். "மூன்றாம் கம்பெனி பின்னால் இருக்கட்டும். குன்று கைவிட்டுப் போனால் விடியற்காலையில் திருப்பி அடிக்கக் களைக்காத கால் வேண்டும். பழைய ஆட்கள் வேகமாக ஏறமாட்டார்கள். ஆனால் குழி தோண்டி உட்கார்ந்தால் நகரமாட்டார்கள்."

கர்னல் பான் பேனாவால் மேஜையைத் தட்டினார். "இத இதுவரைக்கும் யாரும் சொல்லல."

வெளியே வந்தபோது கால் தரையில் படவில்லை. வழியில் மீன் வடிவ ரொட்டி ஒரு பை வாங்கி, வீடு வருவதற்குள் பாதியைத் தின்றுவிட்டேன்.

மார்ச் 11

அரிசி கழுவிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது.

அவன் மூன்றாம் கம்பெனி.

தெரியாதா எனக்கு? தெரியும். போர்வை மூலையை இழுத்துவிட்டு நேரே அந்த அறைக்குத்தான் போனேன். ஆனால் வரைபடத்தைப் பார்த்தபோது நினைத்தேனா? நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. நினைக்காமலேயே செய்தேனா?

களைக்காத கால் என்று சொன்ன காரணம் சரியானதுதானே. பாடத்திலேயே இருக்கிறது. இருக்கிறதா?

மார்ச் 22

கிடைத்துவிட்டது.

ஜூலை முதல் தேதி பொறுப்பு ஏற்க வேண்டும். ஜூன் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். கர்னல் பான் தானே போன் செய்தார். "சீனியர், அந்தக் குன்றுக் கணக்குதான் உங்களத் தூக்கி விட்டுச்சு. மே மாசப் பயிற்சில அத அப்படியே ஓட்டிப் பாத்துடுவோம். கட்டளைக் கூடாரத்துல நீங்களே உக்காருங்க."

அந்தக் கணக்குதான். வேறு எதுவும் இல்லையாம்.

சொக்மூன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, சமையலறை வாசலில் விறைப்பாக நின்று கரண்டியால் சல்யூட் அடித்தார். "இனிமே இந்த வீட்டுல நான்தான் ஜூனியர். ஆர்டர் சொல்லுங்க மேஜர்." பிறகு கழிவறைக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வந்தபோது முகம் கழுவியிருந்தார். சந்தோஷத்தில் அழுதாரா, மற்றதிலா, கேட்கத் தைரியம் வரவில்லை. இரண்டும் இருக்கலாம்.

ஏப்ரல் 3

குன்றை மறுபடி வரைந்து பார்த்தேன். கம்பெனிகளுக்கு எண்ணே போடாமல். "இளையவர்கள்", "நடு வயது", "பழையவர்கள்" என்று மட்டும். இளையவர்கள் மேலே போனார்கள்.

ஏப்ரல் 4

இன்று மறுபடி. பின்னால் நின்றார்கள்.

ஏப்ரல் 9

இது வேலைக்கு ஆகாது. முன்னால் போட்டால் நான் அம்மா இல்லை என்று காட்டுவதற்காகப் போடுகிறேன் என்று தோன்றுகிறது. பின்னால் போட்டால் அம்மாவாக. நடுவில் அதிகாரி எங்கே போனாள்? இருபத்தைந்து வயதில் என்னிடம் இந்தக் குழப்பமே கிடையாது. அப்போது எனக்குப் பிள்ளையும் கிடையாது, யாருடைய பிள்ளையும் எனக்குப் பிள்ளையாகத் தெரிந்ததும் கிடையாது.

தளபதிகளுக்கும் மகன்கள் இருந்திருப்பார்களே. அவர்கள் என்ன செய்தார்கள்? அரிசி கழுவும்போது யோசித்திருக்கமாட்டார்கள்.

மே 14

பயிற்சி, முதல் நாள். கூடாரத்திலிருந்து எழுதுகிறேன்.

ஊரில் ஒழுங்காக இருக்கும் ஆண்களுக்கு ரிசர்வ் சீருடையை மாட்டியதும் என்னதான் ஆகிறதோ. வங்கியில் டை கட்டி உட்காருகிற ஆள் தொப்பியைப் பிடரியில் மாட்டிக்கொண்டு, கையைப் பாக்கெட்டில் விட்டு, கால் இழுத்து நடக்கிறார். என் இரண்டாம் கம்பெனிக்காரர்கள் என்னைக் கண்டதும் கத்தினார்கள்.

"மேடம்! பெரிய இடத்துக்குப் போறீங்களாமே! எங்கள மறந்துடாதீங்க!"

கத்தியவர் ஓக் சின்மான். பார்சல் வேன் ஓட்டுகிறார். போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்தது. தூக்கமில்லாத முகம். "மேடம், இங்க வந்துதான் மூணு ராத்திரிக்கப்புறம் தூங்கப்போறேன். என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க."

யுன்ஜே தூரத்தில் வரிசையில் நின்றான். என்னைப் பார்க்காத மாதிரி நின்றான். நானும்.

மே 15

காலையிலிருந்து மழை. என் திட்டப்படி முதலாவதும் இரண்டாவதும் ஏறின. கூடாரத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் நீல ஊசிகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். ஊசி நகர்வது சுலபம்.

ரேடியோவில் குரல்கள் வந்தன. "சேறு மேடம். ஒரு அடி ஏறுனா ரெண்டு அடி கீழ வருது." யாரோ பின்னால், "ஏன்டா, அந்தப் பொடிப் பசங்கள ஏத்தக்கூடாதா?" பிறகு கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு, "ஆள் விழுந்துட்டார். சின்மான். தோள்."

பாறை வழுக்கிப் பத்தடி கீழே. கழுத்துப்பட்டை எலும்பு முறிவு. ஸ்ட்ரெச்சரில் கொண்டு வரும்போது அவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், வலியிலோ எதிலோ.

மூன்றாம் கம்பெனிக்கு மேலே ஏறும் வேலையே வரவில்லை. தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து ரமியோன் நூடுல்ஸை உலர்வாகவே நொறுக்கித் தின்றார்களாம். வேலை முடித்த கம்பெனியை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். பின்னால் நின்றதற்கும் அது உண்டு. நாளை மதியமே போகிறார்கள்.

மே 16

யுன்ஜே எனக்கு முன்னால் வீடு வந்து குளித்து, நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க ப்ளட்டூன்ல எல்லாரும் புது செயல்பாட்டு அதிகாரிக்கு சிலை வைக்கணும்னு சொல்றாங்க. ஒரு சொட்டு நனையலம்மா. ஒருத்தன் கேட்டான், 'இந்தக் கம்பெனில அந்த மேடத்தோட மகன் எவனாவது இருக்கானாடா'ன்னு." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நீ என்ன சொன்ன?"

"நானும் சிரிச்சேன். வேற என்ன சொல்ல?" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. குச்சியால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே இருந்தான். "அம்மா, அந்தச் சேத்துல நான் ஏறியிருப்பேன். வடக்கு எல்லைல ஒரு குளிர்காலம் முழுக்க ஏறி எறங்கியிருக்கேன். விழுந்த அந்த அண்ணனுக்குத் தொப்பை."

"ஏறச் சொல்லியிருந்தா போயிருப்பியா?"

"யாரு நம்மள கேக்குறாங்க?"

நூடுல்ஸில் முட்டையை உடைத்து ஊற்றினேன்.

மே 19

சின்மானைப் பார்க்கப் பழரசப் பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். அவருடைய மனைவி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எழுந்து வணங்கினாள். நான் கொண்டுபோன பெட்டியையே பிரித்து, முதல் புட்டியை எனக்குத் திறந்து கொடுத்தாள். "நீங்க களைச்சுப் போயிருப்பீங்க மேடம், உக்காருங்க." வேனை இப்போது அவளுடைய தம்பி ஓட்டுகிறானாம். தெருவெல்லாம் தெரியாததால் ஒரே சண்டையாம்.

சின்மான் கட்டுப்போட்ட தோளோடு நிமிர்ந்து உட்காரப் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். பொடிப் பசங்கள விட்டுட்டு எங்கள ஏன் ஏத்துனீங்க?"

குழந்தை என் பக்கம் திரும்பிப் பார்த்தது. புட்டி கையில் வழுக்கியது.

"சொல்லட்டுமா?" என்றார் அவரே. "நம்ம ஆளுங்க, நம்பிப் போடலாம்னு போட்டீங்க. அதான?"

"ஆமா" என்றேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? நான் சொன்னேன்ல?"

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்? அவர் அந்தச் சொல்லை வீட்டுக்கு எடுத்துப் போவார். தம்பிகளிடம் சொல்வார். குழந்தை வளர்ந்தால் அதனிடமும்.

பொய் என்று நிச்சயமாகத் தெரிந்தாலாவது போய் மன்னிப்புக் கேட்கலாம். தெரியவில்லையே. அதுதானே கஷ்டம்.

ஜூன் 5

தாங்கவில்லை. கர்னல் பானிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மகன் மூன்றாம் கம்பெனியில் இருக்கிறான், தேர்வன்று எனக்குத் தெரியும், அதனால்தான் அப்படிப் போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு.

"சீனியர்! இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? அந்தத் திட்டம் சரியான திட்டம். மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. மழைல யாரு வேணா வழுக்கலாம். திட்டம் உங்க தலைலேந்து வந்துச்சா வயித்துலேந்து வந்துச்சான்னு யாரு பாக்கப்போறா?"

"நான் பாக்குறேனே."

சிரிப்பை நிறுத்தினார். கனிவாகத்தான் பேசினார், அதுதான் மோசம். "மனசு உறுத்துனா ஒண்ணு பண்ணலாம். ஒரு போன் போட்டா தம்பிய வேற பட்டாலியனுக்கு மாத்திடுவாங்க. கிடங்குக் காவல் மாதிரி. அப்புறம் உங்களுக்குப் பிரச்சனையே இல்லையே."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன்.

அந்த ஜன்னல் ஓரப் படுக்கை காலியாக இருக்காது. வேறு ஒருவனின் பெயரை ஒட்டுவார்கள். அவனை நான் கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏற்றுவேன். குழப்பமே இருக்காது. அதற்குப் பெயர்தான் தீர்வா?

ஜூன் 6

சொக்மூனிடம் மட்டும் பாதியைச் சொன்னேன், குன்று விஷயத்தை. சின்மானுக்குச் சொன்ன பதிலைச் சொல்லவில்லை.

அவர் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "உன் எடத்துல நான் இருந்து, யுன்ஜேவ பின்னால போட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

"நல்ல அப்பான்னு சொல்லியிருப்பேன்."

"ஏத்தியிருந்தா?"

"நல்ல அதிகாரின்னு..."

"பாத்தியா, ரெண்டுலயும் எனக்குப் பேரு. உனக்குத்தான் ரெண்டுலயும் திட்டு. வேற யாரும் திட்டல, நீயே திட்டிக்கற." கத்தியை வைத்தார். "கையெழுத்துப் போடு. என்னால முடியாதத நீ வாங்கு. வேற நான் என்ன சொல்ல?"

அவர் சொன்னது சரி. கேட்டதும் லேசாகக்கூட இருந்தது. இரவுக்குள் மறுபடி கனத்துவிட்டது.

ஜூன் 14

சொக்மூன் என் அண்ணியையும் தன் அக்காவையும் ஞாயிறு மதியத்துக்கு அழைத்துவிட்டார். மாட்டிறைச்சி வாங்கி ஊற வைக்கப்போகிறாராம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுதிக்கொண்டிருந்த கடைக் குறிப்பில் பேரிக்காய் வரைக்கும் வந்துவிட்டார்.

ஜூன் 16

விருந்து. பெரிய நாத்தனார் என் கன்னத்தைக் கிள்ளினார். "நம்ம குடும்பத்துல ஒரு மேஜர் வரணும்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார். யாரு மூலமா வந்தா என்ன!" சொக்மூன் எல்லோருக்கும் இறைச்சி புரட்டிப் போட்டார். தனக்குக் கருகினதை எடுத்துக்கொண்டார். யுன்ஜே எனக்கு மது ஊற்றும்போது, பெரிய அதிகாரிக்கு ஊற்றுவது மாதிரி மரியாதையாக இரண்டு கையாலும் ஊற்றி, "மேஜர், குடிங்க" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும் சிரித்தேன். போட்டோவில் நன்றாக விழுந்திருக்கிறது.

ஜூன் 20

சின்மான் போன் செய்தார். கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம். அக்டோபர் பயிற்சிக்கு வந்துவிடுவாராம். "அந்தக் குன்ற விடமாட்டேன் மேடம். இந்தத் தடவ நடுவுல நின்னுட்டேன், அது அசிங்கமா இருக்கு. நீங்க கூடாரத்துலேந்து பாத்துட்டே இருங்க."

கூடாரத்திலிருந்து.

ஜூன் 23

நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று காலையில்தான் தெரிந்தது.

போன வருஷம் வரை இரண்டாம் கம்பெனி எங்கே போனாலும் நானும் அவர்களோடு போனேன். முழங்கால் வலிக்கும், திட்டிக்கொண்டே போவேன். யாரை எங்கே போடுவது என்பது வேறு யாருடைய தலைவலியோ. போகச் சொன்னால் போனேன். யுன்ஜே சொன்ன மாதிரி, யார் கேட்கிறார்கள். அங்கே எனக்கு என் கால் மட்டும்தான் பொறுப்பு, அப்புறம் முன்னால் ஏறுகிறவரின் முதுகு.

இதற்குப் பயம் என்று பெயர் வைக்கலாம். சொக்மூன் வைப்பார். கர்னல் பான் என்ன வைப்பாரோ. 'நம் தலைமுறைப் பெண்கள் இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தோம்' என்று கேட்கக்கூடிய இரண்டு பேரைத் தெரியும். அவர்கள் வைக்கும் பெயர்தான் அதிகம் வலிக்கும். வேறு யாருக்காவது அந்த நாற்காலி சரியாக இருக்கும், மகன் இருந்தாலும். எனக்கு இல்லை. இன்றைக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

புதன்கிழமை கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறினேன், வெங்காயமும் டோஃபுவும் கையில். ஏழாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். பதினொன்றாவது மாடியில் கதவைத் திறந்த சொக்மூன் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் இப்படி வேர்த்திருக்கு? லிஃப்ட் ரிப்பேரா? எனக்கு யாரும் புகார் சொல்லலயே."

"இல்ல, சும்மாதான். அக்டோபருக்குள்ள கால் பழகணும்."

"செயல்பாட்டு அதிகாரிக்குக் கால் எதுக்கு?" என்று கேட்டபடி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.